வெந்நீரில் போட்ட பீர்க்கை விதை

பீர்க்கை விதையை வெந்நீரில் போட்டுக் கொடுத்த மடையன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கடலூர் ரோட்டில் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். வண்டி எங்கே போகிறது என்று ஏறுகிறவருக்கு ஏறும்போதே தெரிந்துவிட வேண்டும். பாதி வழியில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆக, விஷயம் இதுதான். ஒரு கைப்பிடி விதையை எடுத்து, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பத்து நிமிஷம் கழித்து வடித்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி, என் கூடப்பிறந்த அண்ணனிடம் கொடுத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பாகத் தகராறு இல்லை. தமாஷுக்குத்தான் செய்தேன். கோபத்தில் செய்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும்.

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, வலது பக்கம் அண்ணனும் இடது பக்கம் நானும் இருக்கிறோம். பின்னால் ஆளுக்கொரு துண்டுத் தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு பந்தல், அவ்வளவுதான் இடம். இரண்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேச்சு ரொம்பக் குறைவு. எங்கள் அம்மா பேச்சு மொத்தத்தையும் சின்னவனுக்கே கொடுத்துவிட்டதாக அண்ணி சொல்லுவார்.

பந்தல் அண்ணியுடையது. அதில் ஏறியது கொத்துப் பீர்க்கை. கடையில் கிடைக்கிற நீளப் பீர்க்கங்காய் இல்லை இது. விரல் நீளம்தான் இருக்கும். ஒரே காம்பில் ஐந்தாறு காய்கள் கொத்தாக வானத்தைப் பார்த்து நிற்கும். மேலே வரப்பு வரப்பாக இருக்காது. தோல் சீவ வேண்டாம், அப்படியே நறுக்கிப் பருப்பில் போடலாம். அண்ணி தவளக்குப்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த வருஷம் அம்மா வீட்டிலிருந்து கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த விதை அது. அன்றிலிருந்து ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை என்று ஊன்றி, விதை எடுத்து, மறுபடி ஊன்றி, அது அற்றுப்போகாமல் பார்த்துக்கொண்டார்.

விதைக்கு விடும் கொத்தில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார். துணி கட்டிய கொத்தை மாதாவே வந்து கேட்டாலும் பறிக்கக் கூடாது. அது கொடியிலேயே முற்றி, காய்ந்து, ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் கொடுக்க வேண்டும். புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால் அதைப் பறித்து, நுனியை உடைத்து, முறத்தில் தட்டுவார். கறுப்பு விதைகள் கொட்டும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் வாங்கிய கரிச்சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைப்பார். பிறகு சரிபாதியாகப் பிரிப்பார். ஒரு பாதி அவருக்கு. இன்னொரு பாதி சுவருக்கு மேலே கை நீட்டி என் மனைவிக்கு.

“ஒரே ஊட்டுல வெச்சிருந்தா எலி தின்னும், மழ தின்னும், மனுஷன் தின்னுவான். ரெண்டு ஊட்டுல இருந்தா ஒண்ணாவது தங்கும்” என்பார்.

எலிக்கும் மழைக்கும் யோசித்து வைத்திருந்தார். மூன்றாவது ஆள் நானாக இருப்பேன் என்று அவருக்கும் தோன்றியிருக்காது.

என் சேட்டைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இருந்தபோது தவளக்குப்பத்தில் வண்டி நின்றதும் “கடலூர் வந்தாச்சு, எறங்குங்க” என்று கூவுவேன். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ஒருவர் நிஜமாகவே மூட்டையோடு இறங்கிப் போய்விட்டார். வீட்டில் அதைவிட மோசம். அண்ணன் ஆசையாக வளர்த்த எலுமிச்சைச் செடி நாலு வருஷமாகக் காய்க்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில், மார்க்கெட்டில் வாங்கிய ஏழெட்டுப் பழங்களை நூலால் கட்டி அதில் தொங்கவிட்டேன். அண்ணன் பார்த்துவிட்டு, பேசாத மனுஷன், தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணிதான் கிட்டே போய் நூலைக் கண்டுபிடித்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அண்ணன் என் சேட்டைகளை ரசிக்கிறார் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் ரசித்தது அண்ணி சிரிக்கிறதை. இது எனக்குப் புரிவதற்கு அண்ணி சாக வேண்டியிருந்தது.

சித்திரையில் படுத்தார். வயிற்றில் கட்டி. ஆடி முழுக்க அண்ணன் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தார். அவர் பக்கத்துப் பந்தல் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் பாதியை மட்டும் என் மனைவி எங்கள் பக்கத்தில் ஊன்றினாள். ஆவணியில் அண்ணி போனார். அடக்கத்துக்குப் பிறகு வீட்டைக் கழுவிவிட்ட சொந்தக்காரப் பெண்கள், மருந்து டப்பாக்களோடு சேர்த்து அண்ணியின் விதை டப்பாவையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். சாம்பல் படிந்த பழைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவர்கள் எதற்குத் திறந்து பார்க்கப்போகிறார்கள். அண்ணனுக்கு அது ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாராம். என் மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாராம்.

ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. அண்ணி போன பிறகு முதல் திருநாள். சாயங்காலம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அண்ணன், நான், என் மனைவி மூன்று பேரும் நடந்து வந்தோம். வாசலில் அண்ணன் நின்றார். எங்கள் பக்கத்துப் பந்தலில் துணி கட்டிய இரண்டு கொத்துகள் காய்ந்திருப்பதைச் சுவர் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார். அதில் கொஞ்சம் விதை தன்னிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சொந்தத் தம்பியிடம், ஏதோ அளவுக்கு மீறிக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“அவ வெத வேற எங்கயும் இல்லடா. தையில ஊணலாம்னு பாக்கறேன்.”

இரண்டு மாசத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கொத்தைப் பறித்துக் கையில் கொடுத்திருப்பான். என் மண்டையில் ஓடியது வேறு. அண்ணன் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. அவரைச் சிரிக்கவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், தமாஷ். தான் ஊன்றினால் எதுவும் முளைக்கும் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முளைக்காத விதையைக் கொடுப்பது. அவர் தையில் ஊன்றிவிட்டு ஒரு வாரம் முழித்துக்கொண்டிருக்கும்போது, என் பக்கம் முளைத்த கன்றுகளைத் தட்டில் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டுவது. “இன்னாண்ணே, மில்லுல அவ்ளோ நூல் ஓட்டுன ஆளு, ஒரு கொடி ஓட்ட முடியலியா” என்று கேட்பது. வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்தவர் இதற்கும் சிரிப்பார் என்று கணக்கு. அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரில் ஒருவரை இப்போதுதான் கல்லறையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

மறுநாள் மனைவி பூசைக்குப் போன நேரத்தில் காரியம் முடிந்தது. பீர்க்கை விதையில் ஒரு வசதி, மேல்தோல் கெட்டி. வெந்தாலும் கறுப்பு மாறாது, சுருங்காது. பச்சை விதையையும் வெந்த விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அண்ணனிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஒரு விதையை எடுத்து விரலால் தடவிவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்ச விதையைச் சாம்பலில் புரட்டி, மூடி போட்டு, பரண்மேல் வைக்கச் சொல்லியிருந்தாள் மனைவி. அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வந்து போகிறவர். பரணில் பாட்டில் கண்ணில் பட்டால் ‘இவ்ளோ வெச்சிருக்கியே’ என்று இன்னும் கொஞ்சம் கேட்பார், விளையாட்டு கெட்டுப்போகும். அதனால் பாட்டிலைச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, பழைய வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். விதைக்குக் காற்று வேண்டும் என்று போனில் யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னதைக் கேட்டு, மூடியை எறிந்துவிட்டு வாயில் துணி கட்டினேன். நாற்பது வருஷம் விதை எடுத்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் கேட்டதில்லை. போன் சொன்னதைக் கேட்டேன்.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாவது நாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து கால் வைத்த என் மனைவி, தண்ணீரில் வைத்தாள். வெளிச்சம் வருவதற்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற பெரியவருடையது. சொல்தா வீடு என்போம். தெருவே அங்கே ஏறியது. நான் டிவியைத் தூக்கிக்கொண்டு போனேன். அது ஏற்கெனவே ரிப்பேர் என்று மாடி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணன் கடைசியாக வந்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மெதுவாக நடந்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மேலே வந்து, துடைத்துக்கொள்ளாமல் முதலில் கவரைப் பிரித்தார். ரேஷன் கார்டு இருந்தது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிய அண்ணி படம் இருந்தது. நான் கட்டிக் கொடுத்த பொட்டலம் இருந்தது.

அது என்ன என்று சொல்தா கேட்டார். அண்ணன் “வெத” என்றார்.

அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததென்னவோ உண்மை. “அண்ணன் மாடியிலேயே வெவசாயம் பண்ணப்போறாரு, எல்லாரும் கொஞ்சம் எடம் வுடுங்க” என்றேன். நனைந்துபோன ஜனம், சிரிக்க ஒரு சாக்கு கிடைத்ததென்று சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஈரம் பட்டிருக்குமோ என்று பொட்டலத்தைப் பிரித்து, சொல்தா வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு கைக்குட்டையை விரித்து, ஒவ்வொன்றாகப் பரப்பிவைத்தார். பக்கத்தில் குழந்தைகள் வந்தால் கையால் தடுத்தார்.

மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. மூலக்குளத்தில் இருக்கிற எங்கள் மகள் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணனையும் கூப்பிட்டோம், வரமாட்டேன் என்றுவிட்டார். மகள் வீட்டில் ஒரு வாரம் வேளாவேளைக்குத் தின்றுவிட்டுத் தூங்கினேன். தொட்டிக்கு அடியில் இருந்த பாட்டில் ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் பந்தல் படுத்துக் கிடந்தது. கொடி அழுகிப்போயிருந்தது. சமையலறையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த மனைவி, வாளியை நகர்த்தினாள், பாட்டிலை எடுத்தாள். உள்ளே எல்லா விதையும் முளைத்திருந்தது. ஒன்று பாக்கியில்லை. வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மேலே வர வழியில்லாமல், அந்தச் சாக்கடைத் தண்ணீரிலேயே அழுகிக் கூழாகியிருந்தது. நாற்றம் தாங்கவில்லை.

“இது இங்க எப்பிடி வந்துச்சு? பரண்மேல வெக்கச் சொன்னனே.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாட்டிலைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப மாமாகிட்ட இருக்குறது?”

கையை நீட்டிப் பாட்டிலை வாங்கப் போனேன். அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள், நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்றாள். தைக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. சரியாகத்தான் நம்பாமல் இருந்தாள்.

சொல்வதற்குப் பதிலாகத் தேடப் போனேன். வேறு விதை கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம் பாருங்கள், அந்தப் புத்தி. தவளக்குப்பத்தில் அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போனேன். பின்பக்கத் தோட்டம் இருந்த இடத்தில் வாடகைக்கு நாலு ரூம் கட்டியிருந்தார். கொத்துப் பீர்க்கையா என்று யோசித்தார். கொத்தா வானத்தைப் பார்த்துக் காய்க்குமே, அதானே என்றார். முகம் மலர்ந்ததும் எனக்கு உயிர் வந்தது.

“அது அக்காகிட்ட இருக்குதேன்னு நாங்க வுட்டுட்டோம் மாமா” என்றார்.

கூட்டுரோடு மார்க்கெட்டில் காய்கறி விற்கிற பெண்களிடம் கேட்டேன். பழைய பயணிகள், என்னைத் தெரிந்தவர்கள். “இன்னா கண்டக்டரே, இன்னைக்கி எவன எங்க எறக்கிவுட வந்த” என்றாள் ஒருத்தி. எல்லோரும் நீளப் பீர்க்கங்காயை எடுத்துக் காட்டினார்கள். விதைக் கடையில் வழுவழுக் காகிதப் பாக்கெட்டில் படம் போட்டுக் கொடுத்தார்கள். அதிலும் நீளக்காய்தான். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் ஊன்றிய பிறகு ஆள் இல்லாத சமயத்தில் அந்தக் குழிகளில் இதைச் சொருகிவிட்டால் ஏதோ ஒன்று முளைக்குமே என்று ஒரு திட்டம். மனைவி பாக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாங்கி, நாலாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை. எங்கள் வீட்டில் கட்டினோம். நான்தான் ஏணியில் ஏறிக் கட்டினேன். அண்ணன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அண்ணன் சவுக்குக் கழி வாங்கிவந்து பந்தலைப் புதிதாகக் கட்டினார். எழுபதைத் தொடப்போகிற ஆள், தனியாகக் கயிறு இழுத்துக் கட்டினார். மூன்று குழி வெட்டி, எரு போட்டு, அன்று ராத்திரி விதையைத் தண்ணீரில் ஊறவைத்தார். மறுநாள் காலை சுவர் ஓரம் வந்து என் மனைவியைக் கூப்பிட்டார்.

“நீ வந்து ஊணும்மா. அவகூட ஊணுனவ நீதான்.”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை எழுதும்போதும் அந்தப் பார்வை இருக்கிறது. இப்போதாவது வாயைத் திற என்று கேட்கிற பார்வை. நான் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முருங்கையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் அந்தப் பக்கம் போனாள். அண்ணன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து, ஒவ்வொரு விதையாக எடுத்து, விரல் கணு அளவு பள்ளம் செய்து, வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள். மூன்று குழி. குழிக்கு ஐந்து. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அண்ணன் பார்த்துவிட்டு, அழாதம்மா, வந்துடும் என்றார். அண்ணியை நினைத்து அழுகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கை கழுவினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், பாதர் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்காமல் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பீர்க்கை நல்ல வெயிலில் ஐந்தாறு நாளில் மண்ணை வெடித்துக்கொண்டு வரும். அண்ணன் நாலாம் நாளே உட்கார ஆரம்பித்துவிட்டார். ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலையிலும் சாயங்காலமும் குழிப் பக்கத்தில் உட்காருவார். ஏழாம் நாள் அணில் தோண்டித் தின்றிருக்குமோ என்று கேட்டார். ஆமாண்ணே, இங்க அணில் ஜாஸ்தி என்றேன். பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று இருக்கிறது. அணிலுக்கு எதிராகச் சொன்னால் சேருமா என்று எந்தப் பாதரிடமும் நான் கேட்டதில்லை. அவர் மூன்று குழிக்கும் வலை கட்டினார். ஒன்பதாம் நாள், வெள்ளத்தில் உப்பு ஏறிவிட்டது, மண்ணில்தான் குறை என்றார். சைக்கிளில் போய் ஒரு மூட்டை நல்ல மண் கொண்டுவந்து குழியைச் சுற்றிப் போட்டார். நான் மூட்டையைப் பிடித்து இறக்கினேன். பதினோராம் நாள் வேறு எதையும் சொல்லாமல், தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டனோ என்றார். அணில், உப்பு, எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் தன் கைமேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். எதைச் சிரிப்பாக்க நினைத்தேனோ, அதே இடத்துக்கு என் தமாஷ் சரியாக வந்து சேர்ந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை காபி கொடுக்கும்போது, இன்றைக்கு நீங்கள் போகவில்லையென்றால் நான் போகிறேன் என்று மனைவி சொன்னாள். டம்ளரை வைத்துவிட்டுப் போனேன்.

அண்ணன் வாளியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு வாளியில் தண்ணீர், மக். இரண்டு குழிக்கு ஊற்றிவிட்டார். நான் போய் மூன்றாவது குழிக்கு முன்னால் நின்றேன். நிற்கத் தெரியாமல் அங்கே நின்றேன்.

“அண்ணே, அது மொளைக்காதுண்ணே.”

“இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்டா. பனி ஜாஸ்தியா இருக்குது.”

“பனி இல்லண்ணே. வெந்நீர்ல போட்டேன். நான்தான். ஒன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி. சும்மா, தமாஷுக்கு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்து நூலை அண்ணி காட்டியபோது பார்த்தாரே, அந்த மாதிரி ஒரு கணம் பார்த்தார். திரும்பிச் சிரிக்கிற ஆளைத் தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு அந்த முகம் மூடிக்கொண்டது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரிந்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது. பாட்டிலைச் சொன்னேன், ஒளித்துவைத்ததைச் சொன்னேன், முளைத்து அழுகியதைச் சொன்னேன், தவளக்குப்பத்தில் தேடியதைச் சொன்னேன். கன்றை நீட்டி நாலு வார்த்தை கேலி பேசி உன்னைச் சிரிக்கவைக்கத்தான் நினைத்தேன் என்று சொன்னபோது, என் காதிலேயே அது எவ்வளவு அசிங்கமாக விழுந்தது என்று எழுத முடியவில்லை. அண்ணி விதை இனிமேல் எங்கேயும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அவர் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மண், வலை, ஓரத்தில் வரிசையாக அவர் நட்டுவைத்த ஈர்க்குச்சிகள், கொடி முதலில் பிடித்துக்கொள்ள.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி நிற்பது தெரிந்தது. பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை.

“திட்டுண்ணே. வேணும்னா நாலு அடி அடி. ஏதாச்சும் சொல்லு” என்றேன்.

அண்ணன் மக்கை வாளியில் முக்கி எடுத்தார்.

“தள்ளி நில்லு, தண்ணி ஊத்தணும்.”